விதியும் விளக்கும்

மலைநாட்டுத் தோட்டமொன்றிலோ வன்னிக் குடியேற்றமொன்றிலோ, மகப்பேற்றின்போது ஓர் இளம்பெண் நள்ளிரவில் இறந்துபோனால், மறுநாட் காலையில் இழவுவீட்டு முற்றத்திற் கூடுவோர் சொல்ல நாம் கேட்டுப் பழகிய வாக்கியம் ஒன்றுண்டு: 'அவளுக்கு எழுதினது அவ்வளவுதான்.' இவ்வாக்கியத்தைக் கேட்டு நகைப்பவர்களோடு நாம் சேர்வதற்கில்லை. துயரத்தைத் தாங்குவதற்கு வேறு எவ்வித துணையும் வழங்கப்படாத மக்கள், தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட துணை அது. ஆயினும் ஆறுதல் வேறு, விளக்கம் வேறு. ஆறுதலாகச் சொல்லப்பட்ட ஒரு சொல் நாளடைவில் விளக்கமாக மாறிவிடுமாயின், அவ்விறப்பிற்குப் பொறுப்புக் கூறவேண்டியவர்கள் அனைவரும் அச்சொல்லின் நிழலிலே சௌகரியமாக மறைந்துகொள்ள முடிகிறது. யாரோ எழுதிய எழுத்தைப் பற்றிப் பேசும்வரை, எவரும் எழுதாமல் விட்ட கட்டளைகளைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம் எழுவதில்லை அல்லவா?

விதியின் எல்லை எங்கே முடிகிறது, மனிதப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது தத்துவவாதிகள் நெடுங்காலமாக விசாரித்து வந்த பிரச்சினை. அதனை நாம் ஏடுகளின் துணைகொண்டன்றி, கிராமத்து மருந்தகமொன்றின் கூரையிலே தொங்கும் ஒரு மின்விளக்கின் துணைகொண்டு ஆராய முற்படுகிறோம். பெரிய கேள்விக்கு இத்துணைச் சிறிய பொருளா எனச் சிலர் வினவக்கூடும். நல்லது, தீயது என்பன பற்றிய கேள்விகள் ஆகாயத்திலிருந்து இறங்குபவை அல்ல. மனிதர் கையாளும் பொருள்களிலிருந்தும், அப்பொருள்கள் எவர் கைக்கு எட்டின, எவர் கைக்கு எட்டவில்லை என்பதிலிருந்தும் முளைப்பவை. ஆதலின் பொருளின் சிறுமை பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

வள்ளுவர் தமது நூலில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர். அதற்கு முந்திய குறளிலே, மருத்துவர் நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் மட்டுமன்றிக் காலத்தையும் கருதிச் செயற்படவேண்டும் என்கிறார். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும்போது எமக்கு ஒரு வினா தோன்றுகிறது. நோயுற்றவர் இருக்கிறார், மருத்துவரோ மருத்துவமாதோ இருக்கிறார், மருந்து அலுமாரியில் இருக்கிறது, உதவிக்கு ஒருவர் நிற்கிறார். காலமோ இரவு இரண்டு மணி. மின்சாரம் இல்லை. நான்கு கூறும் நிறைந்திருந்தும் மருத்துவம் நிகழாமற் போகும் சந்தர்ப்பம் இது. வள்ளுவர் காலத்திற்கு நான்கு போதுமாயிருந்தன. எமது காலத்திற்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது.

அவ்விரவில் என்ன நிகழ்கிறது என்பதை அணுகி நோக்குவோம். குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்குக் குருதி வடிகிறது. பிள்ளைப்பேற்றின் பின் ஓரளவு குருதி வடிவது இயல்பு. இயல்பான அளவைக் கடந்துவிட்டதா என்பதைக் கண்ணாற் கண்டே தீர்மானிக்கவேண்டும். அரிக்கன் லாம்பின் செம்மஞ்சள் ஒளியிலே, நனைந்த துணியில் உள்ளது குருதியா நீரா என்பதே ஐயமாகிவிடும். எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே தையலிடவேண்டும் என்பது தெரியாது. லாம்பை ஒருவர் பிடித்து நிற்கவேண்டும்; உதவிக்கு நின்ற அந்த ஒருவரின் இரு கைகளும் அதனால் இல்லாமற் போகின்றன. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பல்லிடையே கௌவிக்கொண்டு பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவமாதர் இன்றும் உலகின் பல பாகங்களில் உள்ளனர். கட்டுக்கடங்காத குருதிப்பெருக்கு ஏற்பட்ட தாய் இரண்டு மணி நேரத்துள் இறந்துவிடக்கூடும் என்கிறது மருத்துவ நூல். அந்த இரண்டு மணி நேரத்திலே முதல் அரை மணி நேரம் மண்ணெண்ணெய் தேடுவதிற் கழிந்துவிடுகிறது.

குருதிப்பெருக்கை நிறுத்துவதற்கு ஊசிமருந்து உண்டு. ஒக்ஸிடோசின் என்னும் அம்மருந்து கருப்பையைச் சுருங்கச்செய்து குருதியை அடக்குவது, விலையுங் குறைவு. ஆனால் அதனை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரிலே பேணி வைத்தல் வேண்டும். வெப்பத்திற் கிடந்தால் அதன் வீரியம் மெல்ல மெல்லக் குன்றிவிடும். குன்றியது வெளியே தெரியாது என்பதுதான் இதிலுள்ள கொடுமை. குப்பி பழைய குப்பிதான். திரவம் தெளிந்த திரவந்தான். மருத்துவமாது தன் கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணுகிறாள், ஊசி போட்டாயிற்று, குருதி நிற்கவில்லை. மறுநாள் முற்றத்திற் கூடியவர்கள் விதி என்கிறார்கள். ஆறு வாரங்களாக இயங்காதிருந்த குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி அங்கே எவரும் பேசுவதில்லை. பெரும்பாலான தடுப்பூசி மருந்துகளுக்கும் இதே குளிர் வேண்டும். வெப்பத்திற் கெட்ட தடுப்பூசியைப் பெற்ற குழந்தையின் பெயர் பதிவேட்டிலே 'ஏற்றப்பட்டது' என்ற கலத்திற் பதிந்துவிடும். கணக்குச் சரியாக இருக்கும். குழந்தைக்கு மட்டும் காப்பு இராது.

ஒளியே மருந்தாகும் இடமும் ஒன்றுண்டு. 1956ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியிலுள்ள றொச்ஃபோட் வைத்தியசாலையில், ஜீன் வார்ட் என்ற தாதி குறைமாதக் குழந்தைகளை வெயில் படும் முற்றத்திற்குக் கொண்டுசெல்லும் வழக்கமுடையவராக இருந்தார். ஒருநாள் அவர் மருத்துவர்களுக்குக் காட்டிய குழந்தையின் மேனி வெளிறியிருந்தது. துணியின் மூலையொன்று மூடியிருந்த இடம் மட்டும் கடுமஞ்சளாக இருந்தது. வெயில் பட்ட இடத்திற் செங்கமாரியின் மஞ்சள் அகன்றிருந்தது. ஒரு தாதியின் கூர்மையான கண்ணிலிருந்து பிறந்த அவதானத்தைத் தொடர்ந்து, கிரேமரும் அவருடைய சகாக்களும் 1958இல் தமது ஆய்வை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் நீலவொளியின் கீழ்க் கிடத்தப்படும் பச்சிளங் குழந்தைகள் அத்தாதிக்குக் கடன்பட்டவர்கள். செங்கமாரி கடுமையாகிக் கவனிக்கப்படாது விடப்பட்டால் மூளை பழுதுபட்டுவிடும். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிற் குழந்தையின் மஞ்சளைக் காணவே இயலாது; அவ்வொளியில் எல்லாமே மஞ்சள். நோயை மறைப்பதும் விளக்கு, நோயைத் தீர்ப்பதும் விளக்கு. எந்த விளக்கு எந்தக் குழந்தைக்கு என்பதை நிர்ணயிப்பது மருத்துவமன்று.

ஒட்சிசன் செறிவாக்கி, உறிஞ்சு கருவி, கருவிகளை 121 பாகை வெப்ப நீராவியிற் கிருமிநீக்கும் கலம், கிணற்றிலிருந்து நீரேற்றும் பம்பி முதலியவற்றையெல்லாம் தனித்தனியே விவரிப்பின் இக்கட்டுரை பொருட்பட்டியலாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்லிச் செல்வோம். மின்சாரம் நோயாளிக்கு மட்டுமன்றி, நோயாளியைப் பார்ப்பவருக்கும் வேண்டியது. விளக்கில்லாத ஊருக்கு நியமனம் பெற்று வரும் தாதி, பெட்டியை இறக்கிவைத்த மறுவாரமே மாற்றம் கோரி விண்ணப்பிக்கிறாள் என்று குறைகூறுவோர் பலர். அவளுடைய பிள்ளைகள் படிக்கவேண்டாமா? இரவில் அவள் தனியே நடந்து செல்லும் பாதை எத்தகையது? தியாகத்தை எப்பொழுதும் பிறரிடமிருந்தே எதிர்பார்க்கும் ஒழுக்கவியல் ஒன்று எம்மிடையே உண்டு. அதனை நாம் ஒழுக்கவியல் எனக் கொள்வதில்லை.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழும். அதனைத் தட்டிக்கழிக்காது எதிர்கொள்ளல் வேண்டும். எமது நாட்டின் வரலாறே அம்மறுப்பிற்குச் சாட்சி. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் குடித்ததன் பின், கிராமப்புற வைத்தியசாலைகளும் பயிற்சி பெற்ற மருத்துவமாதரும் பெருகினர். 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000 தாய்மாரைத் தாண்டியிருந்த இறப்பு, 1950களிலே 500ஐ அண்டிக் குறைந்தது. அக்காலத்தில் எமது கிராமங்களிற் பெரும்பாலானவை மின்கம்பத்தையே கண்டிருக்கவில்லை. கைவிளக்கோடு வயல்வரம்பில் நடந்த மருத்துவமாதுதான் அந்த மரணங்களைக் குறைத்தாள். இலவச வைத்தியமும், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களும், 1931இற் கிடைத்த சர்வசன வாக்குரிமையுந்தான் குறைத்தன. மின்சாரம் இல்லாமலே இவ்வளவும் முடிந்ததெனில், மின்சாரத்திற்கு இத்தனை ஆரவாரம் ஏன்?

இம்மறுப்பிற் பாதி உண்மை இருக்கிறது. அப்பாதியை நாம் மனமார ஏற்கிறோம். மனிதர் இல்லாத இடத்தில் விளக்கு வெறும் விளக்குத்தான். பயிற்சி பெற்ற ஒருத்தி வராத மருந்தகத்திற்கு ஆயிரம் மின்குமிழ் பூட்டினாலும், அங்கே வௌவாலுக்குத்தான் தொல்லை. கம்பி இழுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நாடா வெட்டிச் செல்லும் பிரமுகர்கள் அந்த மருத்துவமாதின் கைவிளக்கை நினைத்துக்கொள்வது நன்று. ஆனால் மறுபாதி பிழையானது. இன்று எமது நாட்டில் தாய்மரணம் இலட்சத்திற்கு 30ஐ அண்டி நிற்கிறது. 2000த்திலிருந்து 500இற்கு இறங்கிய வழி வேறு. 500இலிருந்து 30இற்கு இறங்கிய வழி வேறு. பின்னைய வழி குருதி வங்கி, சத்திரசிகிச்சைக் கூடம், மயக்கமருந்து, விரைந்து வரும் வாகனம், அதனை அழைக்கும் தொலைபேசி என்பவற்றினூடாகச் செல்வது. இவற்றிலொன்றும் கைவிளக்கில் இயங்குவதில்லை. அம்மருத்துவமாதின் கைவிளக்கைப் போற்றுகிறோம் என்ற பெயரில், அவளுடைய பேத்தியின் கையிலும் அதே விளக்கைக் கொடுப்பது போற்றுதலாகாது.

மேலும், மேற்சொன்ன சராசரிக் கணக்குக்குள் மறைந்துகிடந்த ஓர் உலகம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் உலகம் அது. கிராமத்து மருத்துவமாது நடந்த பாதை தோட்டத்து எல்லையிலே நின்றுவிட்டது. உள்ளே தோட்ட நிர்வாகத்தின் மருந்தகம்; 1912இன் சட்டங்கள் துரைமார் மீது சுமத்திய சில கடமைகள்; ஒரு பிள்ளைமடுவம். 1948இற் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதோடு, வாக்குச் சீட்டைக் காட்டி வைத்தியசாலை கேட்கும் வலிமையும் அம்மக்களிடமிருந்து பறிபோயிற்று. நாட்டின் ஏனைய பகுதிகளிற் குழந்தை மரணம் வேகமாகக் குறைந்துவந்த தசாப்தங்களிலும் தோட்டங்களில் அது உயர்ந்தே நின்றது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இம்மக்களின் கதை இன்னும் விசித்திரமானது. இந்நாட்டில் நீர்விசை மின்சாரத்தை ஆரம்பத்திலேயே கண்ட இடங்களில் தேயிலைத் தோட்டங்கள் முக்கியமானவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மலையருவிகளை மறித்து, சிறு சுழலிகளை அமைத்து, தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கினர் தோட்டக்காரர். கொழுந்தை வாட்டுவதற்கும் அரைப்பதற்கும் விசை கிடைத்தது. அங்கிருந்து சில நூறு யார் தொலைவில், லயக் காம்பிராவிலே, குப்பிவிளக்கின் புகையிற் பிள்ளை பிறந்தது. கொழுந்துக்குக் கிடைத்தது கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை. கொழுந்து வாடுவதற்கு இத்தனை மணி நேரம், இத்தனை பாகை வெப்பம் என்று அளந்து பார்த்த அதே நிர்வாகம், பச்சிளங் குழந்தையின் உடற்சூட்டை அளந்து பார்க்கவில்லை. இதனை அறியாமை எனச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வெப்பத்தை அளக்கத் தெரிந்தவர்கள்தாமே அவர்கள்!

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே இந்நாட்டு நதிகளின் நீர்விசையைப் பயன்படுத்தும் வழிவகைகளைப் பற்றி இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரை சமர்ப்பித்தார். அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜில் மறிக்கப்பட்ட நீர் மின்சாரமாகி, கம்பிவழி கொழும்பு நோக்கிச் சென்றது. 1965இல் காசல்ரீ, 1969இல் மவுஸ்ஸாக்கலை என நீர்த்தேக்கங்கள் தொடர்ந்தன. மவுஸ்ஸாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் தாழும்போது பழைய வழிபாட்டிடங்களின் கட்டடங்கள் இன்றும் வெளிப்பட்டுத் தோன்றுகின்றன; அவற்றைப் பார்ப்பதற்குச் சனங்கள் கூடுகிறார்கள். ஊரை நீருக்குக் கொடுத்த அப்பிரதேசத்தின் லயங்களிற் பெரும்பாலானவை 1980களிலும் மண்ணெண்ணெயிலேயே காலங்கழித்தன. தலைக்கு மேலே உயரழுத்தக் கம்பி இரைந்துகொண்டிருந்தது. கீழே, நோவு கண்ட பெண்ணைக் கம்பளியிற் கட்டித் தூக்கிக்கொண்டு, தீப்பந்த வெளிச்சத்தில் இறக்கம் இறங்கினார்கள்.

எமது தத்துவ விசாரம் வந்து நிற்கவேண்டிய இடம் இதுவென்று கருதுகிறோம். நேர்ந்த துன்பம் என்பது ஒன்று. இழைக்கப்பட்ட அநீதி என்பது மற்றொன்று. 1850ஆம் ஆண்டில், மலையேறிவந்த ஒரு பெண் இருளிலே பிள்ளை பெற்று இறந்தாளெனின், அவளுக்கு மின்விளக்கு மறுக்கப்பட்டது என்று எவரும் சொல்ல முடியாது. அன்று அது எங்கும் இருக்கவில்லை. அவளுக்கு மறுக்கப்பட்டவை வேறு பல உண்டு; அவை வேறு கட்டுரைக்குரியன. 1950இற்குப் பின்னர் அதே சரிவிலே, அதே இருளிலே, அதே காரணத்தால் இன்னொருத்தி இறந்தாளெனின், அந்த மரணம் முன்னையது போன்றதன்று. உடலில் நிகழ்ந்தது ஒன்றேயாயினும் உலகம் மாறிவிட்டது. அவளைக் காக்கும் விசை அவளுடைய பள்ளத்தாக்கிலேயே பிறந்து, அவளுடைய தலைக்கு மேலாகவே போய்க்கொண்டிருந்தது. ஆகவே துன்பத்திற்கும் அநீதிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு என்றென்றைக்கும் ஓரிடத்தில் நிற்பதன்று. மனிதரின் இயலுமை வளருந்தோறும் அது நகர்கிறது. விதியின் நிலம் சுருங்குகிறது. பொறுப்பின் நிலம் விரிகிறது.

கடமை என்பது இயலுமையை அவாவி நிற்பது, இயலாததைச் செய்யுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற கருத்தை ஜெர்மானியத் தத்துவஞானி காண்டின் பெயரோடு இணைத்துப் பேசுவது வழக்கம். அதன் மறுபுறத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இயலுமாயின் கடமையாகிவிடுமா? எப்பொழுதும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். செய்ய இயன்றவை அனைத்தையும் செய்யக் கடமைப்பட்டவர் எவருமிலர். அவ்வாறாயின் எந்தச் சமுதாயமும் ஒருநாட்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆனால் நாம் பேசுவது அவ்வாறான எல்லையற்ற கடமையைப் பற்றியன்று. பொதுச்செல்வத்திலிருந்து கட்டப்பட்டது அணை. பொதுவுடைமையாகிய நதியிலிருந்து எடுக்கப்பட்டது விசை. அதற்கான விலையின் ஒரு பகுதியை, தன் ஊரையும் உழைப்பையும் கொடுத்து, அப்பெண்ணே செலுத்தியிருக்கிறாள். இத்தகைய இடத்தில் அவளுடைய மருந்தகத்திற்கு ஒரு கம்பி இழுத்தல் ஈகையாகாது. அவளுக்கு வரவேண்டிய பாக்கி அது. வள்ளுவர் நூலில் ஊழின் வலிமையைக் கூறும் அதிகாரம் இருப்பதை எடுத்துக்காட்டுவோர், ஊழையும் புறங்காணலாம் எனத் துணியும் ஆள்வினையுடைமை அதிகாரமும் அதே நூலில் இருப்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

இல்லாதிருத்தல் ஒன்று, இல்லாமற் செய்தல் மற்றொன்று. வடக்கு இதனை நன்கறியும். 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலிலே பஞ்சையும் சிறிது எண்ணெயையும் இட்டு எரித்த விளக்குகளும், செய்தி கேட்கச் சைக்கிளைச் சுழற்றி வானொலியை இயக்கிய விதமும் இன்று நினைவுக்கதைகளாகப் பேசப்படுகின்றன. எம்மவரின் சாதுரியம் பற்றிப் பெருமையும் கொள்ளப்படுகிறது. பெருமை கொள்ளட்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் அளந்து ஊற்றி, இன்று சத்திரசிகிச்சையா குளிர்சாதனமா என்று தீர்மானிக்கவேண்டியிருந்த வைத்தியர்களின் நிலையைச் சாதுரியம் என்ற சொல்லால் மூடிவிடலாகாது. எதனைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்ற அந்தத் தெரிவை அவர்கள் தாமாக விரும்பி ஏற்கவில்லை. போர் அவர்கள்மேற் சுமத்தியது.

கம்பி வந்த பின்னும் பிரச்சினை தீர்ந்ததாகாது என்பதை 2022 எமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டதால் நாடு முழுவதும் இருண்டதாக அறிவித்தனர். குரங்கின் மீது பழியைச் சுமத்துவது எளிது, அது அறிக்கை விடாது. ஒவ்வொரு வீட்டிற்கும் மின்சாரம் வழங்கிவிட்டோம் என மார்தட்டும் நாட்டிலும், பெரிய வைத்தியசாலைக்கு மின்பிறப்பாக்கி உண்டு, மலைமேலுள்ள சிறு மருந்தகத்திற்கு இல்லை. வெட்டு எல்லோருக்கும் சமமாக விழுவது போலத் தோன்றும். ஆனால் அதன் காயம் சமமன்று.

உலகளாவிய கணக்கோ இதைவிடக் கசப்பானது. உலக சுகாதார ஸ்தாபனமும் உலக வங்கியும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மின்சாரமே இல்லாத அல்லது நம்பத்தகாத மின்சாரமுள்ள சிகிச்சை நிலையங்களை நம்பியிருப்போர் ஏறத்தாழ 100 கோடிப் பேர். தென்னாசியாவிலும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவிலும் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு மின்சாரமே கிடையாது. சகாராவுக்குத் தெற்கே, உள்ளவற்றிலும் அரைவாசியில் அது எப்பொழுது நிற்கும் என்பது எவருக்குந் தெரியாது. அயல்நாடாகிய இந்தியாவில், சத்தீஸ்கர் மாநிலத்துக் கிராமச் சுகாதார நிலையங்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வொன்று கவனத்திற்குரியது. மின்வெட்டால் வாடிய நிலையங்களுள், சூரிய மின்சாரம் பெற்றவற்றில், பெறாதவற்றைக் காட்டிலும், மாதந்தோறும் ஏறக்குறைய இருமடங்கு பிள்ளைப்பேறுகள் நிகழ்ந்தன என்கிறது அது. கூரையில் தகடு பூட்டியதால் அவ்வூர்ப் பெண்கள் கூடுதலாகக் கருவுற்றுவிடவில்லை. முன்னர் அந்த வாசலைக் கடந்து போனவர்கள் இப்போது உள்ளே வரத் துணிந்தார்கள். இருண்ட கட்டடத்திற்கு நோவோடு செல்ல எந்தத் தாய் விரும்புவாள்? மருந்தகத்தின் மேலுள்ள நம்பிக்கைக்குக்கூட ஒரு மின்குமிழ் வேண்டியிருக்கிறது.

சூரிய மின்சாரம் என்றதும் இன்னொரு விஷயம் கிளைக்கிறது. 2008இல் லோரா ஸ்டேச்சல் என்ற அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் வட நைஜீரியாவுக்குச் சென்றபோது, சத்திரசிகிச்சையின் நடுவிலே விளக்கு அணைவதைக் கண்ணாற் கண்டார். அவரும் அவருடைய கணவர் ஹல் ஆரன்சனும் உருவாக்கிய, பெட்டியிலடங்கும் சூரிய மின்கருவி பின்னர் பல நாடுகளின் சிற்றூர் மருந்தகங்களைச் சென்றடைந்தது. நல்ல உள்ளங்களின் நல்ல வேலை. அதனைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எமக்கில்லை. அப்பெட்டி சென்றடைந்த இரவிலே பிழைத்த தாய்க்கு, அது உரிமையாக வந்ததா கொடையாக வந்ததா என்ற விவாதம் அற்பமானது.

ஆனால் அடுத்த இரவைப் பற்றியும் எண்ணவேண்டியவர்கள் நாம். சூரியத்தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். அதனோடு வரும் சாதாரண ஈயப் பற்றரி நான்கைந்து ஆண்டுகளிற் செயலிழந்துவிடும். கொடையாளர் பற்றரியோடு நிழற்படம் எடுத்துக்கொண்டு செல்வார். பற்றரி மாற்றுவதற்கு எவரும் நிழற்படக்காரரோடு வருவதில்லை. நான்காம் ஆண்டில் அப்பற்றரி செத்துப்போகும்போது, அதனை மாற்றுவது யாருடைய கடமை எனக் கேட்டால், சுகாதாரத் திணைக்களம் மின்சாரத்தவரைக் காட்டும். மின்சாரத்தவர் அது எமது வலையமைப்பிலுள்ளதன்று என்பர். பிரதேச சபை நிதி இல்லை என்னும். தோட்ட மருந்தகமாயின் கம்பெனி அரசாங்கத்தையும், அரசாங்கம் கம்பெனியையும் சுட்டும். 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்கு மாற்றப்பட்டபோதும், 1990களிலே தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கி அதனை முற்றாக நிறைவேற்றாது விட்டபோதும், இந்தச் சுட்டுவிரல்கள் மட்டும் ஓயவில்லை. இவ்வாறு விரல்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கும் வெளியிலேதான் 'எழுதினது அவ்வளவுதான்' என்ற வாக்கியம் மீண்டும் வந்து உட்கார இடங்கிடைக்கிறது.

செலவு அதிகம் என்போர் உளர். ஒரு சிறு மருந்தகத்திற்குச் சில விளக்குகள், ஒரு தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி, ஓர் ஒட்சிசன் செறிவாக்கி ஆகியவற்றை இயக்கவேண்டிய விசை, நகரத்துக் கடையொன்றின் குளிரூட்டிகள் ஒரு நாளில் உண்பதைவிட அதிகமாயிராது. ஆகவே பஞ்சமாயிருப்பது விசை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் மருந்தகத்திற்கெனத் தயாரிக்கப்படும் தேவைப்பட்டியலிலே பஞ்சு உண்டு, ஸ்பிரிற்று உண்டு, ஊசி உண்டு, பதிவேடும் பேனையும் உண்டு. பற்றரிக்கு ஒரு வரி உண்டா? அதற்கு நேரே தொகையும், கையொப்பமிடவேண்டியவரின் பதவியும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? அப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்குத் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைக்கோ கிராமத்து மாதர் சங்கத்திற்கோ மின்பொறியியல் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை.